மதம் வேண்டாம், ஆன்மிகம் வேண்டும்: எந்த வழி யாருக்கு ஒத்துவரும்?

கடவுள் நம்பிக்கை போய்விட்டது, ஆனால் அது இருந்த இடம் காலியாகவே கிடக்கிறது என்கிறவர்கள் ஒரு வகை. நம்பிக்கை போகவில்லை, சடங்குகளும் நிர்வாகமும் யார் உள்ளே யார் வெளியே என்கிற கணக்கும்தான் ஒத்துவரவில்லை என்கிறவர்கள் இன்னொரு வகை. மதமே பேசப்படாத வீட்டில் வளர்ந்து, ஒரு நாள் காரணமே இல்லாமல் மனம் நிறைந்து தளும்ப, "இது என்ன?" என்று தேடத் தொடங்கியவர்களும் உண்டு. மூவரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். தியானம் பழகலாமா, பத்து நாள் மௌன முகாமுக்குப் போகலாமா, காடு மலை என்று நடக்கலாமா, யாராவது ஒரு குருவிடம் சேரலாமா? எதில் இறங்குவது என்று தெரியாமல், வீடியோ பார்ப்பதிலும் புத்தகம் வாங்குவதிலுமே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

அப்படிச் சிக்கி நிற்பவர்களுக்காக இந்த ஒப்பீடு. மதம் நல்லதா கெட்டதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. வெளியே வந்தாயிற்று, அல்லது வெளியேதான் இருக்கிறோம், இனி என்ன செய்வது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

## முதலில், தேடுவது எதை?

வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1901, 1902 ஆண்டுகளில் எடின்பரோவில் ஆற்றிய உரைகளில், இத்தகைய ஆன்மிக அனுபவங்களுக்கு நான்கு அடையாளங்களைச் சொன்னார். சொல்லில் அடங்காது. எதையோ உண்மையாக அறிந்துகொண்டோம் என்ற உறுதியைத் தரும். அதிக நேரம் நீடிக்காது. நாம் இழுத்து வந்தது போல இருக்காது, அதுவே வந்து நம்மை ஆட்கொண்டது போல இருக்கும்.

மூன்றாவதைக் கொஞ்சம் கவனியுங்கள். அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு மணி நேரம் என்பதுதான் அவர் கண்ட எல்லை. அப்படியென்றால், எந்த வழி அதிகத் தீவிரமான அனுபவத்தைத் தரும் என்று ஒப்பிடுவதில் பெரிய பயனில்லை. அந்த ஒன்றிரண்டு மணி நேரம் முடிந்த பிறகு வருகிற சாதாரண வாரத்தில் எது நம்மோடு நிற்கும்? என் கணக்கில் ஒப்பிட வேண்டியது அதைத்தான். மதங்கள் பல நூற்றாண்டுகளாக அந்த வாரத்தைப் பார்த்துக்கொண்டன. நாள்காட்டி ஒன்று தந்தன, கூட உட்கார நாலு பேரைத் தந்தன, பயந்துபோனால் போய்க் கேட்க ஓர் ஆளைத் தந்தன. வெளியே வந்தவருக்கு இம்மூன்றும் சும்மா கிடைக்காது. கீழே வருகிற ஒவ்வொரு வழியிலும் மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் இதுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து அளவுகோல்கள் போதும்.

நேரம். ஒரு முறை எவ்வளவு என்பதைவிட, வாரா வாரம் எவ்வளவு என்பது.

பணம். நுழையும்போது கேட்கும் தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. போக்குவரத்து, சம்பளம் இல்லாத விடுப்பு, 'அடுத்த நிலை' வகுப்புகள் எல்லாம் சேர்த்து.

ஆபத்து. உடலுக்கும் மனதுக்கும். இதற்கு முன் மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கும், குடும்பத்தில் அப்படி யாராவது இருப்பவர்களுக்கும் இந்த வரி தனி கவனத்துக்கு உரியது.

யார் கையில் அதிகாரம். நடுவில் எழுந்து போக முடியுமா? சந்தேகம் கேட்டால் பதில் வருமா, முறைப்பு வருமா?

மறுவாரம். அனுபவம் வடிந்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது, யார் கூட இருக்கிறார்கள்.

## தினசரித் தியானம்

கட்டணமில்லை, யாருக்கும் கீழே இருக்க வேண்டியதில்லை, எந்த நம்பிக்கையும் நிபந்தனை இல்லை. மதத்துக்கு வெளியே நிற்பவர்கள் முதலில் இங்கே வருவது இயல்பு. ஜான் கபாட்-ஜின் 1979ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சி, பௌத்த தியானத்தைச் சமயச் சொற்கள் இல்லாமல் நோயாளிகளுக்குக் கற்றுத்தந்தது. வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் 45 நிமிடப் பயிற்சி என்பது அதன் திட்டம். இன்று ஆப்களில் 10 நிமிடத் துண்டுகளாகக் கிடைக்கும் பலவற்றின் வேர் இது.

ஆனால் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இதில் 'அனுபவம்' என்று சொல்லத்தக்கது வருவது அபூர்வம். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கிறீர்கள். நாலாவது மூச்சிலேயே நேற்று யாரோ சொன்ன ஒரு சொல் வந்துவிடுகிறது. அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று மனம் ஒரு முழு உரையாடலை நடத்தி முடிக்கிறது. முழங்கால் வலிக்கிறது. மூக்கு நுனியில் அரிப்பு. திரும்ப மூச்சுக்கு வருகிறீர்கள். இருபது நிமிடத்தில் இது முப்பது தடவை நடக்கும், அவ்வளவுதான் அன்றைய தியானம். அந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி என்பது புரியாதவர்கள் இரண்டாவது வாரத்தில் "எனக்கு இது வராது" என்று எழுந்துவிடுகிறார்கள். புரிந்தவர்களுக்குப் பல மாதங்கள் கழித்து, ஏதோ ஒரு சண்டையின் நடுவில், பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சளவு இடைவெளி கிடைத்திருப்பது தெரியவரும்.

மறைந்த செலவு தனிமை. தவறாகச் செய்கிறோமா என்று சொல்ல ஆளில்லை. சந்தா கட்டும் ஆப் அந்த ஆளாகாது. அது விடாமல் வந்த நாட்களை எண்ணிக் காட்டும், அவ்வளவுதான். தியானம் யாருக்கும் கெடுதல் செய்யாது என்ற எண்ணமும் சரியல்ல. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஆய்வில், நீண்டகாலமாகத் தியானம் செய்பவர்கள் சிலர் தூக்கமின்மை, காரணமற்ற பயம், தன் உடலே தன்னுடையது இல்லை என்பது போன்ற விலகல் ஆகியவற்றை விவரித்திருக்கிறார்கள். தினம் 20 நிமிடம் உட்கார்பவர் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒன்று வந்தால், "முன்னேற்றத்தின் அறிகுறி" என்று யாராவது சொல்வதை நம்பி இன்னும் அதிக நேரம் உட்காராதீர்கள். நிறுத்துங்கள்.

இது பொருந்துவது: நேரமும் பணமும் குறைவாக இருப்பவர்களுக்கு, பரவசத்தைவிட நிதானத்தைத் தேடுபவர்களுக்கு, சலிப்பைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு.

## மௌன முகாம்

உலகமெங்கும் அதிகம் பேர் அறிந்தது எஸ். என். கோயங்கா என்ற தியான ஆசிரியரின் மரபிலான 10 நாள் விபாசனா முகாம். அதிகாலை 4 மணிக்கு எழ வேண்டும், ஒரு நாளில் ஏறத்தாழ 10 மணி நேரம் தியானம், பேச்சு கிடையாது, போன், புத்தகம், பேனா எதுவும் கிடையாது. கட்டணம் இல்லை, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிப்பது, நான்காம் நாள் முதல் உடலெங்கும் உணர்ச்சிகளைக் கவனித்துச் செல்வது. அப்போதிருந்து தினம் மூன்று முறை, ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உட்காரும் அமர்வுகளும் சேர்ந்துகொள்ளும்.

தியானம் பழகுவதை விட்டுவிட்டு நேராக இதற்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முகாம் அதை அனுமதிக்கிறது. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பழகாத முதுகும் மனமும் ஒரே நாளில் 10 மணி நேரத்தைச் சந்திக்கும்போது, அனுபவம் வருகிறதோ இல்லையோ, வலி வந்துவிடும். பேச்சும் திரையும் இல்லாத இடத்தில் பழைய துக்கங்கள் மேலே வரும். சிலருக்கு அதுவே பெரிய விடுதலை. அழுது தீர்த்து, லேசாகி வெளியே வருகிறார்கள். சிலருக்கு அதைத் தாங்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டியிருக்கும், அங்கே ஆசிரியரிடம் சில நிமிடங்கள் பேச வாய்ப்பு உண்டே தவிர அவர் மனநல மருத்துவர் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் மனநல வரலாறு கேட்பார்கள். இடம் கிடைக்காதோ என்று அதை மறைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள்.

கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. 10 நாள் பாடத்துக்கு, போகும் நாளும் திரும்பும் நாளும் சேர்த்து 12 நாள் விடுப்பு வேண்டும். வீட்டில் குழந்தைகளையோ வயதானவர்களையோ அந்த நாட்களில் பார்த்துக்கொள்பவர் யார்? அந்த உழைப்பும் உங்கள் ஆன்மிகத்தின் செலவில்தான் சேரும். திரும்பி வந்த முதல் வாரம் இன்னொரு கணக்கு. சத்தம் பொறுக்காது, வீட்டாரின் பேச்சு வெறும் அரட்டையாகத் தெரியும், எல்லோரையும் அங்கே அனுப்ப வேண்டும் என்று தோன்றும். ஒரு மாதத்தில் தினசரிப் பயிற்சி நின்றுவிட்டால், மிஞ்சுவது ஒரு நல்ல நினைவு மட்டும்.

சமயச் சார்பற்றது என்று முகாம் சொன்னாலும், மாலை உரைகளில் கர்மம், மறுபிறவி பற்றிய பேச்சு வரும். ஏற்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் கோட்பாடே இல்லாத இடத்தைத் தேடிப் போகிறவர் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இது பொருந்துவது: ஏற்கெனவே சில மாதங்கள் தினமும் உட்கார்ந்து, அதில் ஆழம் வேண்டும் என்று தோன்றியவர்களுக்கு. துக்கம் புதிதாக இருப்பவர்கள், தூக்க மாத்திரையோ மனநல மருந்தோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது.

## இயற்கையின் முன்

நான் யாருக்கும் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேகர் கெல்ட்னர், ஜோனதன் ஹைட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003ல், பிரமிப்பு என்ற உணர்வுக்கு இரண்டு கூறுகள் உண்டு என்று எழுதினார்கள். நம்மைவிடப் பெரிதாக ஒன்று. அது நம் மனக்கணக்குக்குள் அடங்காமல், கணக்கையே மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை. இரண்டுக்கும் மதம் தேவையில்லை. 2020ல் வெளியான ஓர் ஆய்வில், வயதானவர்கள் 8 வாரம், வாரம் ஒரு முறை 15 நிமிடம் நடந்தார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும், வியக்கத்தக்கதைத் தேடிக்கொண்டே நடங்கள் என்று சொல்லப்பட்டது. எல்லோரும் நடையின்போது தங்களைத் தாங்களே படம் எடுத்தார்கள். வாரங்கள் போகப்போக, வியப்பைத் தேடி நடந்தவர்களின் படங்களில் அவர்கள் உருவம் சிறிதாகிக்கொண்டே போனது, பின்னால் இருந்த மரமும் வானமும் அதிக இடத்தைப் பிடித்தன. சிரிப்பு மட்டும் பெரிதானது. 'நான்' என்பது சுருங்குவதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இரவு வானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் விளக்குகளை விட்டுத் தள்ளி ஓர் இடத்தில் படுத்தால், முதல் ஐந்து நிமிடத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரே ஒரு முறை போன் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து. பொறுத்திருந்தால் நட்சத்திரங்களுக்கு நடுவே நட்சத்திரங்கள் வரும். நிலவில்லாத இருண்ட வானத்தில், அது தெரிகிற பருவத்தில், ஆன்ட்ரோமீடா என்ற வேறொரு விண்மீன் மண்டலம் ஒரு சின்ன மங்கலான தீற்றலாகக் கண்ணுக்கே தெரியும். நேராகப் பார்த்தால் மறையும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நம் மனித இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். யாரும் இல்லாத காலத்தில் புறப்பட்ட ஒன்று இன்று உங்கள் கண்ணில் வந்து முடிகிறது. இதை வெறும் தகவலாகப் படிப்பது வேறு. அரை மணி நேரம் இருட்டில் கிடந்து, அந்தத் தீற்றலைக் கண்ட கணத்தில் நினைத்துப் பார்ப்பது வேறு.

குறைகளும் உண்டு. நகரத்தில் இருப்பவருக்கு இருட்டே கிடைக்காது. இயலாமையோ நோயோ உள்ளவருக்கு மலை ஏறச் சொல்ல முடியாது. இரவில் தனியாக வெளியே கிடப்பது எல்லோருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, பாதுகாப்பானது அல்ல. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் ஒரே மரத்தை ஓர் ஆண்டு முழுக்கக் கவனிப்பதும் இதே வழியில்தான் சேரும். பிரமிப்பை வேட்டையாடத் தொடங்கினால் இது சுற்றுலாவாகிவிடும் என்பது இன்னொரு குறை. அடுத்த மலை, அதைவிட உயரமான மலை, விமான டிக்கெட். அப்புறம் ஒன்று: இயற்கை ஆறுதல் சொல்லாது. துக்கத்தில் இருக்கும்போது அந்தப் பிரம்மாண்டம் சிலருக்கு அமைதியைத் தருகிறது, சிலருக்கு "நான் ஒரு பொருட்டே இல்லை" என்ற குளிரைத் தருகிறது. இரண்டாவது வகை என்றால், அந்தக் காலத்தில் மனிதர்கள் பக்கம் திரும்புங்கள்.

இது பொருந்துவது: எந்தக் கோட்பாட்டையும் கேட்கத் தயாராக இல்லாதவர்களுக்கு; உட்கார்ந்தால் பதற்றம் கூடுகிறது என்பவர்களுக்கு; எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு.

## சேர்ந்து பாடுவதும் ஆடுவதும்

சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912லேயே சொன்னது: கூடி ஒரே அசைவில், ஒரே குரலில் இருக்கும்போது மனிதர்களுக்குள் ஒரு பொங்கல் எழுகிறது, அதைத்தான் அவர்கள் புனிதம் என்று அறிகிறார்கள். மதத்தை விட்டு வந்தவர்கள் அதிகம் ஏங்குவதும் இதற்குத்தான் என்பது என் கணிப்பு. கோட்பாட்டுக்காக ஏங்குபவரை நான் அதிகம் கண்டதில்லை. பாட்டுக்காக ஏங்குபவர் நிறைய.

சுவீடனில் 2013ல் வெளியான ஓர் ஆய்வு, சேர்ந்து பாடுபவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி இறங்குவதைக் காட்டியது. மாயமில்லை, ஒரே வரியைப் பாட எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டு, ஒரே இடத்தில் இழுக்கிறார்கள். துடிப்பு மூச்சைப் பின்தொடர்கிறது. எப்படி நடக்கிறது என்று தெரிந்தாலும், நாற்பது பேர் ஒன்றாக மூச்செடுக்கும் அந்த அரை நொடி மௌனத்தின் சக்தி குறைவதில்லை.

வாரம் ஒரு மாலை போதும், செலவும் குறைவு. எனக்குக் குரல் இல்லை என்று தயங்குபவர்களுக்காகவே தேர்வு வைக்காத பாட்டுக் குழுக்கள் பல ஊர்களில் இருக்கின்றன. மறுவாரமும் போகக் காரணம் இருக்கிறது, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறது. மறைந்த செலவு, குழுவை நடத்தும் உழைப்பு. 2013 ஜனவரியில் லண்டனில் தொடங்கிய 'சண்டே அசெம்ப்ளி', கடவுள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமாகப் பாட்டும் உரையுமாகச் சில ஆண்டுகளிலேயே பல நாடுகளுக்குப் பரவியது. பிறகு பல கிளைகள் நடத்த முடியாமல் நின்றன. இடம் பிடிக்க, நாற்காலி போட, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பாடுவதற்கு மட்டும் வந்து போகிறவர்கள் கூடினால் எந்தக் குழுவும் நிற்காது.

கூட்டத்தின் பொங்கலுக்கு நல்லது கெட்டது தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு வெறுப்புக் கூட்டத்திலும் அதே சிலிர்ப்பு வரும்.

இது பொருந்துவது: மதத்தை விட்டதில் ஊரையே விட்டது போலத் தனித்துப்போனவர்களுக்கு.

## பிறர் பக்கத்தில் இருப்பது

சேவையை ஆன்மிக அனுபவப் பட்டியலில் பலர் சேர்ப்பதில்லை. கடமையாகவோ நல்லொழுக்கமாகவோ எண்ணிவிடுகிறார்கள். சாகும் தறுவாயில் இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சிசிலி சாண்டர்ஸ் 1967ல் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தை ஒட்டி உலகெங்கும் வளர்ந்த நோய்த்தணிப்பு மையங்களில், தன்னார்வலருக்குச் செய்ய அதிகம் இருக்காது. வறண்ட உதட்டை ஈரப்பஞ்சால் ஒற்றுவது. தலையணையைச் சற்று நகர்த்துவது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீளும்போது கையைப் பிடித்தபடி காத்திருப்பது. அந்த அறையில் நேரம் வேறு மாதிரி ஓடுகிறது என்று போனவர்கள் சொல்வார்கள். ஜேம்ஸ் சொன்ன நான்கு அடையாளங்களும் அங்கே பொருந்துவதைப் பார்க்கலாம்.

பயிற்சி இல்லாமல் இதில் விடமாட்டார்கள், விடவும் கூடாது. உங்கள் அனுபவத்துக்காக ஒருவரின் கடைசி நாட்களைப் பயன்படுத்துவது போல ஆகிவிடக் கூடாது என்ற கவனம் எப்போதும் வேண்டும். தேடிப் போனது கிடைக்காத நாளிலும் உதட்டை நனைக்கும் வேலை இருக்கும். சோர்வு இதன் உண்மையான செலவு. உங்கள் வீட்டில் ஓர் இழப்பு நடந்து ஓராண்டாவது ஆகாமல் இதில் இறங்க வேண்டாம்; பல மையங்களே அப்படிக் காத்திருக்கச் சொல்வதுண்டு.

இது பொருந்துவது: தன்னைப் பற்றியே யோசித்து அலுத்தவர்களுக்கு, அர்த்தம்தான் குறைகிறது, அமைதி அல்ல, என்பவர்களுக்கு.

## வேகமான மூச்சும் மனநிலையை மாற்றும் பொருட்களும்

எல்லாவற்றிலும் தீவிரமான அனுபவம் இங்கேதான், அதனால்தான் எச்சரிக்கையும் இங்கே அதிகம். வேகமாக, ஆழமாக நீண்ட நேரம் மூச்சு விட்டால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். விரல்கள் மரத்து மடங்குவதும், தலை மிதப்பதும், காட்சிகள் தோன்றுவதும் அதனால்தான். வலிப்பு, இதய நோய், உயர் இரத்த அழுத்தம், கர்ப்பம், முன்பு மனச்சிதைவு இருந்தவர்கள் இதைத் தொடவே கூடாது.

மனநிலையை மாற்றும் சைலோசைபின் என்ற பொருளையும் அது உள்ள காளானையும் பற்றிய ஆய்வுகளைப் படித்துவிட்டு வருபவர்கள் அதிகம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் 2006ம் ஆண்டு ஆய்வில் பங்கேற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், வாழ்வின் மிக அர்த்தமுள்ள ஐந்து அனுபவங்களில் ஒன்றாக அதைச் சொன்னது உண்மை. அதே ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கடுமையான பயத்தை அனுபவித்தார்கள் என்ற வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதுவும் முன்பே சோதித்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள், நாள் முழுக்கப் பக்கத்தில் பயிற்சி பெற்ற துணை. பாஸ்டனில் 1962ல் இறையியல் மாணவர்களிடம் இதே பொருளை வைத்து நடந்த புகழ்பெற்ற சோதனையில், ஒரு மாணவருக்குப் பதற்றம் எல்லை மீறி, அடக்கும் ஊசி போட வேண்டியிருந்தது. அது முதல் அறிக்கையில் இல்லை. பல ஆண்டுகள் கழித்து நடந்த மறு ஆய்வில்தான் வெளியே வந்தது.

சட்டமும் இருக்கிறது. 1971ம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை சைலோசைபினை மிகக் கடுமையான அட்டவணையில் வைத்திருக்கிறது, பெரும்பாலான நாடுகளில் வைத்திருப்பதே குற்றம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020ல் வாக்கெடுப்பில் அனுமதித்து, 2023 முதல் உரிமம் பெற்ற மையங்களை நடத்துகிறது என்பது போன்ற விதிவிலக்குகள் சில. இதை ஒரு தேர்வாக நான் யாருக்கும் முன்வைக்கவில்லை. பேசாமல் விட்டால், பாதி படித்தவர்கள் பாதி தெரிந்துகொண்டு இறங்கிவிடுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

## குருவும் புதிய அமைப்புகளும்

நாள்காட்டி, கூட்டம், கேட்க ஓர் ஆள்: மூன்றும் இங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். தனிமையில் சோர்ந்தவர்கள் கடைசியில் இங்கே வந்து சேர்வதற்குக் காரணம் அதுதான், அதில் தவறும் இல்லை. ஆனால் "நாங்கள் மதம் அல்ல" என்று சொல்லும் அமைப்பு, மதம் சுமக்கும் பொறுப்புகளையும் சேர்த்து உதறிவிடலாம். நூற்றாண்டுப் பழமையான மதத்தில் மரபு, எழுதிவைத்த விதி, உள்ளுக்குள்ளேயே எதிர்க்கேள்வி கேட்கும் குரல்கள் இருக்கும். தனி ஒரு மனிதரைச் சுற்றி எழுந்த அமைப்பில் அவரைக் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள்.

சேருமுன் பார்க்க வேண்டியவை: கணக்கு வழக்கு வெளியே தெரிகிறதா? விலகிப் போனவர்களோடு நீங்கள் பேச முடிகிறதா, அவர்களைப் பற்றி உள்ளே எப்படிப் பேசுகிறார்கள்? ஒவ்வொரு வகுப்பும் அதைவிட விலை கூடிய அடுத்த வகுப்பில் கொண்டுபோய் விடுகிறதா? குடும்பத்திடமிருந்தோ நண்பர்களிடமிருந்தோ தள்ளி இருக்கச் சொல்கிறார்களா? மருந்தை நிறுத்தச் சொன்னால் அதே நிமிடம் வெளியேறுங்கள், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | நேரம் | பணம் | ஆபத்து | மறுவாரம் மிஞ்சுவது |
|---|---|---|---|---|
| தினசரித் தியானம் | தினம் 20 நிமிடம் | இல்லை | குறைவு | நிதானம். துணை இல்லை |
| மௌன முகாம் | 12 நாள் | விடுப்பும் பயணமும் | நடுத்தரம் | பயிற்சி தொடர்ந்தால் மட்டும் |
| இயற்கை | விருப்பம்போல் | குறைவு | இடத்தைப் பொறுத்து | பார்வை மாறும். ஆறுதல் உறுதியில்லை |
| சேர்ந்து பாடுதல் | வாரம் ஒரு மாலை | குறைவு | மிகக் குறைவு | மனிதர்கள் |
| பிறர் பக்கத்தில் இருத்தல் | வாரம் சில மணி நேரம் | இல்லை | மனச்சோர்வு | அர்த்தம், மனிதர்கள் |
| வேக மூச்சு, பொருட்கள் | ஒரு நாள் | இடத்தைப் பொறுத்து | அதிகம், சட்டச் சிக்கலும் | ஆளுக்கு ஆள் வேறு |
| குரு, அமைப்பு | கூடிக்கொண்டே போகும் | கூடிக்கொண்டே போகலாம் | அமைப்பைப் பொறுத்து | கூட்டம். சுதந்திரம் குறையலாம் |

## இரண்டைச் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்

அட்டவணையின் கடைசிப் பத்தியைப் பார்த்தால் ஒன்று தெரியும். தனியாகச் செய்பவை உள்ளே ஆழம் தருகின்றன, மனிதர்களைத் தருவதில்லை. கூடிச் செய்பவை மனிதர்களைத் தருகின்றன, உள்ளே போக இடம் விடுவதில்லை. அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட, தனியாக ஒன்றும் கூட்டமாக ஒன்றுமாகச் சிறிய அளவில் எடுப்பது நடைமுறையில் நிற்கிறது. காலையில் 20 நிமிடம் உட்கார்ந்து, வாரம் ஒரு மாலை பாடப் போகலாம். மாதம் ஒரு முறை இருட்டைத் தேடிப் போய்விட்டு, வாரம் சில மணி நேரம் நோய்த்தணிப்பு மையத்தில் இருக்கலாம். மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். சிலிர்ப்பு வந்ததா என்று பார்க்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் உங்களோடு இருப்பது எளிதாகியிருக்கிறதா, கடினமாகியிருக்கிறதா என்று கேளுங்கள். கடினமாகியிருக்கிறது என்றால் வழியை மாற்றுங்கள்.

இந்த ஏழில் எதுவுமே தராதது ஒன்று உண்டு, அதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். பிறப்பு, திருமணம், சாவு. மதத்தில் இருப்பவருக்கு அந்த நாளில் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதில்லை, யாரோ வந்து நடத்திவைப்பார்கள். வெளியே இருப்பவர் வீட்டில் சாவு நேர்ந்தால் அந்தக் காலையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. கடைசியில் விட்டு வந்த சடங்கே அவசரமாகத் திரும்பி வரும். சில நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. நார்வேயில் 1951 முதல், வளரிளம் பருவத்தினரைப் பெரியவர்களாக வரவேற்கும் மதம் சாராத விழா நடக்கிறது. ஸ்காட்லாந்தில் 2005 முதல் மதம் சாராத மனிதநேய அமைப்பினர் நடத்தும் திருமணம் சட்டப்படி செல்லும். அப்படி எதுவும் இல்லாத இடத்தில், உங்கள் இறுதி நிகழ்ச்சியில் என்ன நடக்க வேண்டும், எது வேண்டாம், யார் பேசலாம், என்ன பாட்டு என்று ஒரு பக்கம் எழுதி, வீட்டில் ஒருவருக்கும் வெளியே ஒருவருக்கும் கொடுத்துவையுங்கள். வீட்டில் மற்றவர்கள் மதத்தில் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். அன்று துக்கத்தில் நிற்கப்போவது அவர்கள்தான், அவர்களுக்கும் அதில் ஓர் இடம் வேண்டும்.